கணக்குக் காட்டிய ஊரும் இரண்டு விழுக்காட்டுச் சட்டமும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலின் சான்றாகவே தமிழ்நாடு அறிந்திருக்கிறது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த அந்த முறை பாடநூல்களில் ஏறிய அளவுக்கு, அதே கல்வெட்டில் உள்ள வேறு இரண்டு விதிகள் பேசப்படுவதில்லை. ஊரின் பொதுப்பணிகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு, அதாவது ஓராண்டுக் காலம் பொறுப்பில் இருக்கும் குழுக்களுக்கு, வருபவர் நல்வழியில் ஈட்டிய பொருளை உடையவராக இருக்க வேண்டும் என்பது ஒன்று; முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அப்பொறுப்புக்கு வரக்கூடாது என்பது மற்றொன்று. பொருள் எப்படி வந்தது, எப்படிச் செலவானது என்னும் இவ்விரண்டு கேள்விகளும்தாம், தொழில் நிறுவனங்கள் சமுதாயத்துக்குக் கடமைப்பட்டவை என்று இன்று பேசப்படும் பேச்சின் இரண்டு முனைகள். இந்தியச் சட்டம் இரண்டாவது முனையை ஓரளவு பிடித்திருக்கிறது. முதல் முனை பெரும்பாலும் கைநழுவியே கிடக்கிறது.

உத்திரமேரூர்ச் சபையைப் புகழ்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அன்று அவ்வூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35க்கு மேல் 70க்குள் வயதும் உடைய ஆடவரின் பெயர்களே பொதுவாக அந்தக் குடத்தில் விழுந்தன. வயலில் உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. ஆயினும், ஆளின் நல்ல பெயரை நம்பி விட்டுவிடாமல் விதியை எழுதிவைத்த கூட்டம் அது என்பதை மறுக்க முடியாது. கணக்கு எழுதுபவரைக்கூட, அவர் எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் காட்டி நேர்மையானவர் என்று ஏற்கப்படும் வரை, மறுமுறை அமர்த்தக்கூடாது என்று அந்தக் கல்வெட்டு கட்டளையிடுகிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்னும் நீண்ட தொடர் இன்று நடைமுறையில் 'சிஎஸ்ஆர் நிதி' என்று சுருங்கி, வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் குடிநீர் இயந்திரத்துக்கும் உதவி தேடிச் செல்லும் தலைமையாசிரியர்களின் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. இதற்கு அடிப்படை 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு; இது 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், அல்லது 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை குறிப்பிடும் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 10 கோடி ரூபாயாக இருந்தால் 20 லட்சம் ரூபாய் என்று கணக்கு. கல்வி, மருத்துவம், குடிநீர், சுற்றுச்சூழல், ஊரக வளர்ச்சி முதலியன அந்த அட்டவணையில் அடங்கும். தன் ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவும், கட்சிகளுக்குத் தரும் நன்கொடையும், தன் பொருளை விளம்பரப்படுத்தும் செலவும், வேறு சட்டங்களின்படி எப்படியும் செய்தாக வேண்டிய செலவும் இதில் சேரா.

தொடக்கத்தில் இச்சட்டம் பல் இல்லாத சட்டமாக இருந்தது. செலவிடாத கம்பெனி, ஏன் செலவிடவில்லை என்று ஆண்டறிக்கையில் ஒரு காரணம் எழுதினால் போதும் என்ற நிலை 2021 ஜனவரி 22 முதல் மாறியது. நீண்டகாலத் திட்டத்துக்கென ஒதுக்கிச் செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுகளுக்குள் செலவிட வேண்டும். அத்தகைய திட்டம் இல்லையேல் மீதத்தை அரசு குறித்த நிதிகளில் செலுத்த வேண்டும். தவறினால் தண்டத்தொகை உண்டு. நாடு முழுவதும் இவ்வகையில் செலவான தொகை 2014-15இல் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாயாக இருந்து, 2022-23இல் ஏறத்தாழ 30,000 கோடி ரூபாயை எட்டியது. சிறிய தொகை அன்று. ஆனால் அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால், உத்திரமேரூரைப் போன்ற ஊர்களின் நிலை விளங்கும்.

செங்கல்பட்டு பிரிந்துபோன 2019க்குப் பிந்தைய காஞ்சிபுரம் மாவட்டம் ஐந்தே வட்டங்களைக் கொண்டது. அவற்றுள் ஸ்ரீபெரும்புதூரும் உத்திரமேரூரும் ஒரே ஆட்சியரின் கீழ் இருக்கும் இரண்டு உலகங்கள். வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் பெருகி, கார், மோட்டார் சைக்கிள், கைப்பேசி, கண்ணாடி என உலகச் சந்தைக்கான பொருள்கள் அங்கே உருவாகின்றன. தெற்கே உத்திரமேரூர் வட்டத்தில் இருப்பவை ஏரிகளும் நெல்வயல்களும் அரிசி ஆலைகளும் செங்கற்சூளைகளும், அவற்றோடு கல்குவாரிகளும் கிரஷர்களும். சட்டம், ஒரு கம்பெனி தான் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. அந்தச் சுற்றுப்புறம் எத்தனை கிலோமீட்டர் என்று அது சொல்லவில்லை. ஆகவே ஆலையின் வாயிலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் பள்ளிக்கு மூன்றாவது முறை வர்ணம் பூசப்படும்போது, அதே மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பள்ளி 'சுற்றுப்புறம்' என்ற சொல்லுக்கு வெளியே நின்றுவிட முடியும்.

இன்னொரு விடுபாடு இதைவிடப் பெரியது. 135ஆம் பிரிவு கம்பெனிகளுக்கு மட்டுமே உரியது. தனிமனிதர் உரிமையில் நடக்கும் தொழிலும் கூட்டாண்மையாக, அதாவது பங்குதாரர் சிலர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, நடத்தும் தொழிலும் எவ்வளவு லாபம் ஈட்டினாலும் அதன் வரம்புக்குள் வருவதில்லை. கிராமத்துத் தெருவில் டிப்பர் லாரியை ஓட்டி, புழுதியை வீட்டுத் திண்ணையில் படிய வைக்கும் தொழில் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததாகவோ, ஐந்து கோடி லாபத்தை எட்டாத சிறு கம்பெனியாகவோ இருக்கும். ஊருக்கு மிக அருகில் இருப்பவர் சட்டத்துக்கு வெளியே, ஊருக்குத் தொலைவில் இருப்பவர் சட்டத்துக்கு உள்ளே என்பது விந்தையான ஏற்பாடு. சுரங்கம், குவாரித் தொழில்களைப் பொறுத்தவரை இக்குறையை ஓரளவு ஈடுகட்ட வந்தது, 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின் வழி உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளை. கனிமம் எடுப்பவர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையோடு கூடுதலாக ஒரு பங்கை இதற்குச் செலுத்த வேண்டும். அந்தப் பணம் கனிமம் எடுப்பதால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கே செலவாக வேண்டும். ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட இந்த நிதி இருப்பதை, கல் உடைக்கும் ஊர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பதுதான் கேள்வி.

வணிகர் பணம் பொதுப்பணிக்குச் செல்வது இச்சட்டத்தோடு தொடங்கிய புதுமை அன்று. உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டு) கோயிலைச் சார்ந்த பள்ளியையும் மாணவர் விடுதியையும் பதினைந்து படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையையும், அதாவது மருத்துவமனையையும், விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், பணிப்பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. இவை நடந்த சனநாத மண்டபத்தைக் கட்டியவர் மாதவன் தாமயன் என்னும் வைசியர் என்று கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. கட்டடம் ஒருவர் கொடை. அதை ஆண்டுதோறும் நடத்தும் செலவுக்கு வழி தனியே வகுக்கப்பட்டிருந்தது. திறப்பு விழாவோடு நின்றுபோகும் இன்றைய கட்டடங்கள் பலவற்றைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வணிகக் குழுக்களின் வழக்கமோ இதனினும் ஒழுங்கானது. மணிக்கிராமம் என்னும் வணிகக் குழு கடல் கடந்து, இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில், அவனிநாரணம் என்னும் குளத்தின் பாதுகாப்பை ஏற்றதை அங்குக் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு காட்டுகிறது. சிவகங்கைப் பகுதியில் உள்ள பிரான்மலைக் கல்வெட்டு, வணிகர் தாமே கூடி, இன்ன சரக்குப் பொதிக்கு இவ்வளவு என்று பட்டணப்பகுடி என்னும் மகமையை விதித்துக்கொண்டதைப் பட்டியலாகவே தருகிறது. மகமை என்பது வணிகர் தம் வியாபாரத்தின் மீது தாமே இட்டுக்கொள்ளும் பொதுவரி. இந்த வழக்கமே பின்னாளில் விருதுநகர், சிவகாசி வட்டாரத்து நாடார் உறவின்முறைகளில் தழைத்து, 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை உருவாக்கியது. காமராசர் படித்த பள்ளி அது. லாபத்தின் மீதன்றி விற்ற சரக்கின் மீது மகமை கணக்கிடப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது, ஏனெனில் லாபம் இல்லை என்று கணக்கில் காட்டித் தப்பிக்க அதில் வழியில்லை. உறவின்முறை பெரும்பாலும் தன் சாதிக்கே நன்மை செய்தது என்ற குறை உண்மைதான். ஆனால் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை அங்கே இருந்தது.

இத்தனையையும் ஓர் ஏரியை வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் உத்திரமேரூரைப் பொறுத்தவரை பொதுச்சொத்து என்றால் முதலில் ஏரிதான். பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற அந்தப் பேரேரிக்குச் செய்யாற்றிலிருந்து கால்வாய் வழியே நீர் வருகிறது. அதைப் பேணுவதற்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் ஒவ்வோர் ஆண்டும் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏரி ஒரு முறை வெட்டினால் முடிந்துபோகும் வேலை இல்லை. வரத்துக்கால்வாயில் மண் சேரும், உள்வாயில் வண்டல் படியும், மதகு பழுதாகும், கலங்கல் உடையும், கரையில் புதர் மண்டும். ஆகவே பல்லவ, சோழர் காலத்தார் ஏரிப்பட்டி என்று நிலத்தை ஒதுக்கி அதன் விளைச்சலையும், பொன்னோ நெல்லோ முதலாக வைத்து அதன் பலிசையையும், அதாவது வட்டியையும், ஆண்டுதோறும் தூர் எடுக்கப் பயன்படுத்தினார்கள். முதல் கரையாது, வட்டி மட்டும் செலவாகும், ஏரிக்கு என்றும் ஒரு வருமானம் இருக்கும்.

இன்று ஒரு கம்பெனி இதே முறையைப் பின்பற்ற விரும்பினால் சட்டம் இடம் தராது. ஓர் அமைப்பின் மூலநிதிக்கு, அதாவது கரையாமல் வைத்து வட்டியை மட்டும் செலவிடும் முதலுக்கு, அளிக்கும் தொகை 2021 முதல் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படுவதில்லை. நீண்டகாலத் திட்டம்கூடத் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லக்கூடாது. இவ்விதிகளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தம் குடும்ப அறக்கட்டளைக்கே பணத்தை மாற்றி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லும் தந்திரத்தைத் தடுக்க வேண்டியிருந்தது. ஆனால் விளைவு என்ன? கோடையில் பொக்லைன் இறங்குகிறது, உள்வாயில் மண் எடுக்கப்படுகிறது, கரையில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை நடப்படுகிறது, படம் ஆண்டறிக்கையில் அச்சாகிறது. வரத்துக்கால்வாய் வேறொரு ஊராட்சியின் எல்லையில் இருப்பதால் தூர்ந்தபடியே கிடக்கிறது, ஆழமான ஏரியில் நீர் வந்து சேர்வதில்லை. ஏரியை அறிந்த ஆயக்கட்டு விவசாயியிடம், அதாவது அந்த ஏரி நீரால் பயிரிடுபவரிடம், கேட்டிருந்தால் கால்வாயிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பார். திட்டம் வகுக்கும் கூட்டத்துக்கு அவர் அழைக்கப்படுவதில்லை. தடை செய்வதற்குப் பதில், ஆயக்கட்டுதாரர் சங்கத்தின் பெயரில், ஆட்சியரின் தணிக்கைக்கு உட்பட்டு, ஏரிக்கான மூலநிதி வைக்க விதிவிலக்கு அளிப்பதே அறிவுடைமை.

பொருள் எப்படி வந்தது என்னும் முதல் கேள்விக்கு இனி வரலாம். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்றார். காந்தியோ செல்வர் தம் செல்வத்துக்கு உரிமையாளர் அல்லர், சமுதாயத்தின் சார்பில் அதைக் காக்கும் தருமகர்த்தாக்கள் என்றார். இருவருக்கும் இடையில் வானுக்கும் மண்ணுக்குமான தூரம் இருப்பதாகத் தோன்றினாலும், விதியை மீறி ஈட்டிய லாபத்தை இருவரில் எவரும் ஏற்கவில்லை. இரண்டு விழுக்காட்டுக் கணக்கு அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. எஞ்சிய 98 விழுக்காடு எந்த ஆற்றின் மேல், எவர் உழைப்பின் மேல் வந்தது என்பது அதன் பார்வைக்கு அப்பாற்பட்டது.

பாலாறு இதற்குச் சரியான சான்று. மேலே வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அந்த ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, கேடு விளைவித்தவரே அதைச் சீராக்கும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. தண்டம் விதிக்கப்பட்ட ஆலைகளின் மாவட்டங்களில், அன்று காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை முழுமையாக வழங்கவும் ஆற்றைச் சீராக்கவும் அதே நீதிமன்றம் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. இந்தக் கால இடைவெளியில் எந்த ஆலை எந்தப் பள்ளிக்கு எத்தனை மேசை கொடுத்திருந்தாலும், கிணற்று நீரின் உப்பு அதனால் குறையாது.

உழைப்பின் கணக்கும் அப்படியே. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் சமூகத்தைச் சேர்ந்த 42 பேர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்த 1976க்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்தது இது. மறுபக்கம், உலகப் பெயர் பெற்ற ஆலைகளிலும் உழைப்பின் கேள்வி தீரவில்லை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளுள் ஒன்று, தொழிலாளர் அமைத்த சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. இரண்டும் ஒரே தரத்தன அல்ல. ஒன்று குற்றம், மற்றது உரிமைத் தகராறு. ஆயினும் மதிலுக்கு வெளியே செய்யும் நற்பணியைக் கொண்டு மதிலுக்கு உள்ளே நடப்பதை அளக்க முடியாது என்பதை இரண்டும் காட்டுகின்றன. பங்குச் சந்தையில் முன்னணியில் உள்ள ஆயிரம் கம்பெனிகள் தாம் பயன்படுத்தும் நீர், வெளியேற்றும் கழிவு, ஊழியர் நலன் ஆகியவற்றை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருப்பது இந்தத் திசையில் உருப்படியான ஓர் அடி.

அறிக்கை யாருக்கு என்பதுதான் மிச்சமிருக்கும் சிக்கல். கம்பெனி தன் சமூகப் பொறுப்புக் கொள்கையையும் அனுமதித்த திட்டங்களையும் இணையதளத்தில் வெளியிட்டு, செலவு விவரத்தை ஆண்டறிக்கையோடு இணைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பங்குதாரரும் அமைச்சகமும் அதைப் படிக்கலாம். ஏரி எந்த ஊரில் வெட்டப்பட்டதோ அந்த ஊர் மக்கள் முன் அதை வாசிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பராந்தகன் காலத்து வாரியத்தார், தம் கணக்கை வேறெங்கோ இருக்கும் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் அல்லர். தம்மைத் தேர்ந்தெடுத்த சபைக்கே அவர்கள் விடை சொல்ல வேண்டியிருந்தது.

அத்தகைய சபை இன்றும் இருக்கிறது. உத்திரமேரூர் பேரூராட்சியாக இருப்பதால் கிராமசபை அதற்குப் பொருந்தாது. ஆனால் வட்டத்தின் ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கிராமசபை கூடுகிறது. தம் ஊரில் எந்த நிறுவனம் எந்தப் பணிக்கு எவ்வளவு செலவிட்டது, அதை நடத்திய தொண்டு நிறுவனம் எது, கனிம அறக்கட்டளையிலிருந்து ஊருக்கு வந்தது எவ்வளவு, தூர் எடுத்த ஏரியின் வரத்துக்கால்வாய் யார் பொறுப்பு என்று அங்கே கேட்க எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. கேட்பதை வாய்மொழியாக விட்டுவிடாமல் எழுத்தில் கொடுத்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை உறுதி செய்துகொண்ட பிறகே கையொப்பம் இட வேண்டும்.